அழிக்க ஒரு பலகை, வைத்துக்கொள்ள ஓர் ஓலை

1

1623இல் இத்தாலியப் பயணி பியெத்ரோ தெல்லா வால்லே கர்நாடகத்தின் இக்கேரிப் பகுதியில் பயணம் செய்கிறார். ஒரு கோயில் முகப்பில் நான்கு சிறுவர்கள் கணக்குப் படித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கிறார். தரையில் மெல்லிய மணல் பரப்பியிருக்கிறது. ஒருவன் பாடத்தின் ஒரு வரியை ராகம் போட்டுச் சொல்லியபடி விரலால் மணலில் எழுத, மற்ற மூவரும் அதையே சொல்லி எழுதுகிறார்கள். தரை நிரம்பிவிட்டால் அழித்துவிட்டுப் புதிதாக மணல் தூவிக்கொள்கிறார்கள். பக்கத்தில் வாத்தியார் இல்லை. மறந்துபோனால், தப்பு வந்தால் யார் திருத்துவார்கள் என்று தெல்லா வால்லே கேட்கிறார். நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் ஒரே இடம் மறந்துபோக வாய்ப்பே இல்லை என்று பதில் வருகிறது.

நான் வேலை பார்க்கும் துறையில் இதற்கு நீளமான பெயர்கள் உண்டு. ஒரே தகவலை நாலு சர்வரில் வைத்தால் நாலும் ஒரே சமயத்தில் படுக்காது என்ற கணக்குதான் இது. ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது பையன்களின் பதிலைவிட, தெல்லா வால்லே கவனித்த இன்னொரு விஷயம். இந்த முறையில் காகிதம், பேனா, மை எதுவும் செலவாகவில்லை என்று குறித்துவைக்கிறார்.

அடுத்த இருநூறு ஆண்டுகளில் இந்த மணலைப் பார்த்த வெள்ளைக்காரர்கள் பலர் கிட்டத்தட்ட அதையேதான் எழுதினார்கள். 1823இல் பெல்லாரி கலெக்டர் ஏ.டி. காம்ப்பெல், உள்ளூர்ப் பள்ளிகள் பற்றிய தன் அறிக்கையில், எழுதக் கற்றுத்தரும் இந்தச் சிக்கனத்தை மனதாரப் பாராட்டுகிறார். இங்கிலாந்து இதைக் காப்பியடித்தது சரிதான் என்கிறார். நாடு பொதுவாக ஏழ்மையில் விழுந்துகொண்டிருப்பதால் பெற்றோரால் பிள்ளைகளைப் படிக்கவைக்க முடியவில்லை என்பதும் அதே அறிக்கையில் இருக்கிறது. செலவில்லாத முறை என்ற பாராட்டும், அந்தக் குறைந்த செலவுக்கும் வழியில்லாத பெற்றோரும் ஒரே தாளில்.

வசதியில்லாத பள்ளிகளுக்கு அழித்து அழித்து எழுதும் பலகை கொடுக்கலாம் என்று இன்று யாராவது சொன்னால் நாம் உடனே தலையாட்டுகிறோம். மரம் மிச்சம், காசு மிச்சம். இந்தத் தலையாட்டலுக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அதைக் கொஞ்சம் சந்தேகத்தோடு வாசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். மணலும் சிலேட்டும் குழந்தைக்கு நல்லவையா என்பது ஒரு கேள்வி. அவை யாருக்கு மட்டும் போதும் என்று முடிவு செய்யப்பட்டது என்பது வேறு கேள்வி. இரண்டையும் நாம் தொடர்ந்து குழப்பிக்கொள்கிறோம்.

2

மணல் கப்பலேறிய கதை ஓரளவு தெரிந்ததுதான். ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1787இல் சென்னைக்கு வருகிறார். 1789இல் எழும்பூரில் ராணுவத்தினரின் ஆண் பிள்ளைகளுக்கான அநாதை இல்லத்துக்குப் பொறுப்பேற்கிறார். ஒருநாள் குதிரைச் சவாரியின்போது, ஒரு உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு தன் பள்ளியிலும் செய்யச் சொல்கிறார். ஆசிரியர்கள் முடியாது என்கிறார்கள். சரி என்று ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் அகரவரிசை வகுப்பை ஒப்படைக்கிறார். அவன் செய்துகாட்டுகிறான். மணலும், பிள்ளைகளே பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் ஏற்பாடும் சேர்ந்து 'மெட்ராஸ் முறை' ஆனது. 1797இல் பெல் லண்டனில் இதைப் பற்றிப் புத்தகம் போட்டார். செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் இன்றும் 'மெட்ராஸ் காலேஜ்' என்ற பெயரில் ஒரு பள்ளி இருக்கிறது.

நம்மவர்கள் இந்தக் கதையைப் பெருமையாகச் சொல்வார்கள், பார்த்தியா, வெள்ளைக்காரனே நம்ம திண்ணையிலிருந்துதான் எடுத்தான் என்று. ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஏழைப் பிள்ளைகளுக்குப் படிக்கக் கற்றுத்தந்தால் போதும், எல்லோருக்கும் எழுத்தும் கணக்கும் தேவையில்லை, வரைமுறையில்லாமல் கல்வி கொடுத்தால் உடல் உழைப்புக்கென்று விதிக்கப்பட்டவர்கள் தங்கள் நிலைக்கு மேலே ஆசைப்பட்டுவிடுவார்கள் என்ற பொருளில் பெல் தன் நூலின் பிந்தைய பதிப்பில் எழுதினார். உலகத்திலேயே மலிவான எழுதுபொருளை ஐரோப்பாவுக்கு அறிமுகப்படுத்திய மனிதர், அதைக்கூட ஏழைகளுக்குத் தரலாமா என்று யோசிக்கிறார். எழுதுபொருளின் விலை எவ்வளவு குறைந்தாலும், எழுத அனுமதிப்பதா என்ற கேள்வி தானாகத் தீர்ந்துவிடுவதில்லை.

பெல்லின் போட்டியாளர் ஜோசப் லங்காஸ்டர் இந்த விஷயத்தில் மேல். லண்டன் பரோ ரோட்டில் 1798இல் பள்ளி தொடங்கியவர். நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு ஒரே ஆசிரியர். தொடக்க வகுப்புக்கு மணல் மேசை, அடுத்து சிலேட்டு. சட்டாம்பிள்ளை ஒரு சொல்லைச் சொல்ல, எல்லோரும் ஒரே நேரத்தில் எழுதி, ஆணை வந்ததும் சிலேட்டைத் தூக்கிக் காட்ட வேண்டும். இதில் நிஜமான ஒரு கண்டுபிடிப்பு இருக்கிறது. ஒவ்வொருவராக எழுந்து எழுத்துக்கூட்டினால் ஒரு பையனுக்கு நாள் முழுக்க நாலைந்து சொல்தான் கிடைக்கும். இங்கே எல்லாச் சொல்லையும் எல்லோரும் எழுதுகிறார்கள். இன்றைய இங்கிலாந்துப் பள்ளிகளில் குட்டி வெள்ளைப் பலகைகளைத் தூக்கிக் காட்டச் சொல்வதும் இதே உத்திதான்.

ஆனால் இந்த ஏற்பாட்டில் சிலேட்டு யாரை நோக்கித் திரும்பியிருக்கிறது? ஆசிரியரை நோக்கி. சரியா தப்பா என்று பார்த்து முடித்த நொடியில் அது துடைக்கப்படும். அடுத்த சொல். குழந்தை எழுதியதைக் குழந்தையே திரும்பப் பார்க்கும் தருணம் இந்த முறையில் இல்லை. இக்கேரிப் பையன்கள் ஒருவருக்கொருவர் எழுதிக் காட்டினார்கள். லண்டன் பையன்கள் மேலே காட்டினார்கள். கையில் இருக்கும் பொருள் கிட்டத்தட்ட ஒன்றுதான், அதைச் சுற்றியிருக்கும் உறவு வேறு.

3

தரம்பால் 1983இல் வெளியிட்ட 'அழகிய மரம்' இந்த வரலாற்றை நமக்கு மீட்டுத் தந்த நூல். தெல்லா வால்லேயும் காம்ப்பெல்லும் என்னைப் போன்ற வாசகனுக்கு அந்த வழியாகத்தான் வந்துசேர்ந்தார்கள். தாமஸ் மன்றோ 1822இல் உத்தரவிட்ட கணக்கெடுப்பில் சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்ததையும், பல தமிழ் மாவட்டங்களில் சூத்திரர் என்று வகைப்படுத்தப்பட்டவர்களே பெரும்பான்மை மாணவர்கள் என்பதையும் அவர் அட்டவணை அட்டவணையாக முன்வைத்தார். அந்த உழைப்புக்கு முன் வணக்கம் சொல்லிவிட்டுத்தான் பேச வேண்டும்.

இருந்தாலும் அந்த நூலைக் கையில் வைத்துக்கொண்டு இன்று சமூக ஊடகங்களில் பேசப்படும் பெருமிதத்தில் எனக்கு இரண்டு சிக்கல்கள். ஒன்று, அதே அட்டவணைகளில் பெண் குழந்தைகள் அநேகமாக இல்லை. 'பிற சாதிகள்' என்ற பத்தியில் யார் யார் அடக்கம் என்பதில் இன்றுவரை சண்டை ஓயவில்லை. மணல் எல்லோருக்கும் இலவசம்தான், திண்ணை அப்படியில்லை. இரண்டாவது, மணலைப் பெருமையாகப் பேசும்போது நாம் கலெக்டரின் கண்ணாடியையே மாட்டிக்கொள்கிறோம். எவ்வளவு சிக்கனம் பார் என்பது கணக்குப்பிள்ளையின் பாராட்டு. அந்த மணலில் எழுதிய பையனுக்கு அது என்னவாக இருந்தது என்பதை அந்தப் பாராட்டு தொடுவதேயில்லை.

அதைத் தொட்டவர் என்று நான் நினைப்பது செந்தில் பாபுவை. திண்ணைப் பள்ளிகளின் கணக்குப் பாடத்தைப் பற்றிய அவருடைய ஆய்வில் பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி எல்லாம் ஓர் ஒழுங்கில் வருகின்றன. வாயால் சொல்லி, மணலில் விரலால் எழுதி, அழித்து, மறுபடி சொல்லி, மனதில் ஏற்றுகிறார்கள். நாம் கிண்டலாக 'மக்கப்' என்று தள்ளிவிடும் மனப்பாடத்தை, நினைவை ஒரு கருவியாகத் தீட்டும் பயிற்சி என்று அவர் வாசிக்கிறார். நெல் அளக்கவும் நிலம் அளக்கவும் அந்த நினைவு ஊருக்குத் தேவைப்பட்டது. நமக்குக் கிடைக்கும் எண்சுவடிகளில் பல, மாணவர்கள் கற்று முடித்துத் தாங்களே ஓலையில் எழுதிக்கொண்டவை என்பதும் அவரிடமிருந்து கிடைக்கும் பார்வைதான்.

கவனிக்க வேண்டிய இடம் இது. திண்ணைப் பள்ளியில் மணல் தனியாக இல்லை. மணலுக்குப் பிறகு ஓலை இருந்தது, எழுத்தாணி இருந்தது. உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' வாசித்தவர்களுக்கு அந்த உலகம் தெரியும். மணல் தப்பு செய்வதற்கு, ஓலை கற்றதை வைத்துக்கொள்வதற்கு. ஓலையில் எழுத்தாணியால் கீறியதை லேசில் அழிக்க முடியாது, அதனால் அந்த இடத்துக்கு வருவதற்கு முன் விரல் ஆயிரம் முறை மணலில் ஓடியிருக்க வேண்டும். சொந்தக் கையால் எழுதிய சுவடியோடு பையன் பள்ளியை விட்டு வெளியே போனான்.

வெளியிலிருந்து பார்த்தவர்கள் வியந்து குறித்துக்கொண்டது இந்த ஜோடியில் பாதியை. பெல்லின் சொந்தப் பள்ளியில் தாளும் பேனாவும் அடுத்த படியாக இருந்தன என்பது உண்மை. ஆனால் ஏழைகளுக்கான திட்டம் என்று உலகம் முழுக்கப் பயணம் போனது அழிக்கும் பாதிதான்.

4

ஃபிராய்ட் 1925இல் ஒரு சின்னக் கட்டுரை வெளியிட்டார். அப்போது கடைகளில் வந்திருந்த ஒரு பொம்மையைப் பற்றியது. நம்ம ஊர்த் திருவிழாக் கடைகளில் 'மேஜிக் சிலேட்' என்று விற்பார்களே, அதுதான். மெழுகுப் பலகைமேல் ஒரு மெல்லிய தாள், அதன்மேல் செல்லுலாய்ட். குச்சியால் எழுதினால் தெரியும், தாளைத் தூக்கினால் மறைந்துவிடும்.

நினைவுக்கு உதவ மனிதனிடம் இரண்டு வழிகள் இருக்கின்றன என்று அவர் ஆரம்பிக்கிறார். தாளில் மையால் எழுதினால் நிலைக்கும், ஆனால் தாள் நிரம்பிவிடும். சிலேட்டில் எழுதினால் எத்தனை முறை வேண்டுமானாலும் புதிதாகத் தொடங்கலாம், ஆனால் எதுவும் மிஞ்சாது. இந்தப் பொம்மையில் மேல்தாள் எப்போதும் சுத்தமாகிவிடுகிறது, அடியில் இருக்கும் மெழுகில் தடம் தங்கிவிடுகிறது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தெரியும். மனம் இப்படித்தான் வேலை செய்கிறது என்பது அவர் வந்துசேரும் இடம்.

மனதைப் பற்றி அவர் சொன்னது சரியா என்று நான் பேச வரவில்லை. ஒரு வகுப்பறையை விமர்சிக்க இது நல்ல அளவுகோல். புதிதாகத் தொடங்கும் வசதி இருக்கிறதா? தடம் எங்காவது தங்குகிறதா? இரண்டையும் கேட்க வேண்டும். மேற்கு ஆப்பிரிக்கக் குர்ஆன் பள்ளிகளில் பிள்ளைகள் மரப்பலகையில் மையால் வசனத்தை எழுதி, மனப்பாடமான பிறகு கழுவுகிறார்கள். அந்தத் தண்ணீரையே புனிதமாகக் கருதிக் குடிக்கும் வழக்கமும் உண்டு. அங்கே அழிப்பது என்றால் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். திண்ணையின் மணலும் இந்த வகைதான், தடம் பையனின் நினைவில் தங்கியது. லங்காஸ்டரின் சிலேட்டில் துடைப்பது வெறும் துடைப்பு.

சரி, தடம் தங்கினால்தான் என்ன, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை கிறுக்குவதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்கலாம். ஓர் உதாரணம் சொல்கிறேன். என் அக்கா ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் டீச்சர். 'கெ', 'கே', 'கை' சொல்லித்தரும்போது சில பிள்ளைகள் முதலில் 'க' போட்டுவிட்டு அதற்கு வலப்பக்கம் கொம்பைப் போடுவார்கள் என்பாள். பார்த்ததும் எச்சில் தொட்டு அழித்துவிட்டு மாற்றி எழுதச் சொல்வதுதான் வழக்கம். ஆனால் யோசித்தால், அந்தக் குழந்தை காதால் கேட்டதை ஒழுங்காக எழுதியிருக்கிறது. 'கெ' என்ற ஒலியில் முதலில் வருவது 'க்', அப்புறம்தான் 'எ'. கொம்பை முன்னால் போடுவது நம் எழுத்துமுறையின் விநோதம். சொல்லப்போனால் யூனிகோடும் தமிழை அந்தக் குழந்தை மாதிரியேதான் சேமிக்கிறது. முதலில் ககரம், அடுத்து கொம்பு. திரையில் காட்டும்போதுதான் கொம்பை இடப்பக்கம் தள்ளுகிறது. உலகத்தின் எழுத்துகளை எல்லாம் வரிசைப்படுத்த உட்கார்ந்தவர்கள் வந்துசேர்ந்த முடிவுக்கு ஓர் ஆறு வயதுப் பிள்ளை தானாகவே வந்திருக்கிறது.

இது தப்புதான், திருத்தத்தான் வேண்டும். ஆனால் இது கவனமில்லாத தப்பா, காரணமுள்ள தப்பா என்று கண்டுபிடிக்க அது இரண்டு மூன்று முறை ஒரே மாதிரி நடந்ததை யாராவது பார்க்க வேண்டும். சிலேட்டில் அந்தச் சாட்சியம் அஞ்சு நொடியில் போய்விடுகிறது. சாப்ட்வேர் ஆட்களுக்கு இது உடனே புரியும். பிழை வந்தால் முதலில் பழைய கமிட்டுகளைத்தான் தோண்டுவோம், எப்போதிருந்து இப்படி ஆகிறது என்று. 'அன்டூ' இல்லாத எடிட்டரில் யாரும் தைரியமாக எழுத மாட்டார்கள். ஹிஸ்டரி இல்லாத ரெப்போவில் யாரும் நிதானமாகத் திருத்த முடியாது. பெரியவர்களான நமக்கு இரண்டும் வேண்டியிருக்கிறது. குழந்தைக்கு மட்டும் ஒன்றைத் தேர்ந்தெடு என்கிறோம்.

நோட்டுப் புத்தகம் மட்டுமே கொடுத்தாலும் இதே கோளாறுதான், எதிர்ப்பக்கத்திலிருந்து. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் இன்று நோட்டு இலவசமாகக் கிடைக்கிறது. 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பயிற்சி நூலும் உண்டு. நல்ல விஷயம். ஆனால் அச்சடித்த கட்டத்துக்குள் ஒரே ஒரு முறை எழுத வேண்டிய பக்கத்தில் குழந்தை பயந்துதான் கை வைக்கும். அழித்து அழித்துத் தாள் ஓட்டையாகும், அதற்கு ஒரு திட்டு. இந்த வகையில் 2003 வாக்கில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்கப் போன செயல்வழிக் கற்றலில் ஓர் அருமையான காரியம் செய்தார்கள். வகுப்பறைச் சுவரின் அடிப்பாகத்தில், குழந்தையின் உயரத்துக்குக் கரும்பலகை. ஆளுக்கொரு பங்கு. கரும்பலகை என்றாலே வாத்தியாருடையது என்றிருந்த ஊரில், கால்வாசிச் சுவர் பிள்ளைகளுக்கு வந்தது. அந்தத் திட்டத்தைப் பற்றி ஆயிரம் விமர்சனம் வைக்கலாம், அந்தச் சுவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

5

இனி பொருளுக்கு வருவோம். மறுபயன்பாடு என்ற சொல்லை எந்தத் திட்ட அறிக்கையில் பார்த்தாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: மறுபடி மறுபடி வாங்க வேண்டியது எது? பலகை பத்து வருடம் வரும். குச்சி வராது. வெள்ளைப் பலகைக்கு மார்க்கர் வேண்டும். மூடியைச் சரியாக மூடாத ஒரு மார்க்கர் காய்ந்துபோக ஒரு வார லீவு போதும். அடுத்த மார்க்கருக்கு யாரிடம் பில் போடுவது என்று தெரியாத பள்ளியில் அந்தப் பலகை பீரோவுக்குப் பின்னால் போய்விடும். நன்கொடையாக வரும் பொருட்களின் பொதுவான தலைவிதி இது. மணலின் அருமையே அதில் குச்சி என்ற சரக்கு கிடையாது என்பதுதான், விரல் தீராது.

குச்சிக்கும் ஒரு கதை இருக்கிறது. நாம் பலப்பம் என்போம். கடித்துத் தின்றவர்கள்கூட இருப்பீர்கள். சிலேட்டுக் கல்லுக்கு ஆந்திராவின் மார்க்காபூர் பெயர் பெற்றது போல, குச்சிக்கு மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌர். அங்கே கல்லை இயந்திர ரம்பத்தில் அறுத்துக் குச்சியாக்கிய தொழிலாளர்கள் அந்தத் தூசியைச் சுவாசித்து சிலிகோசிஸ் நோயால் இளம் வயதிலேயே செத்தார்கள். நுரையீரல் கல்லாகிப்போகும் நோய். 1980களில் மருத்துவ ஆய்வுகள் அதைப் பதிவு செய்தன, மாநில அரசு அவர்களுக்கென்று தனி நலச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. ஏழைக் குழந்தைக்கு மலிவான பொருள் என்பதன் மறுபக்கம் சில சமயம் இன்னொரு ஏழையின் மூச்சு. சிலேட்டு வேண்டாம் என்று சொல்ல இதைச் சொல்லவில்லை. 'கிட்டத்தட்ட இலவசம்' என்று யாராவது சொல்லும்போது அந்தச் செலவை யார் கணக்கில் எழுதினார்கள் என்று பார்க்க வேண்டும்.

எதிர்முனையில் டிஜிட்டல் சிலேட்டு. 2005இல் நிக்கோலஸ் நெக்ரோபோண்ட்டி நூறு டாலர் மடிக்கணினியை அறிவித்தார், குழந்தைக்கு ஒன்று. அழிக்கலாம், சேமிக்கலாம், ஃபிராய்டின் பொம்மை நிஜமானது போலத்தான். பெரு நாடு அதை லட்சக்கணக்கில் வாங்கியது. 2012இல் அங்கே 319 பள்ளிகளில் செய்த மதிப்பீட்டில், கணக்கிலும் மொழிப்பாடத்திலும் மதிப்பெண் உயர்ந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. என் துறைக்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்கக் கூடாது. பதிப்புகளைச் சேமித்து வைப்பதால் மட்டும் கோடு மேம்படாது. யாராவது உட்கார்ந்து ரிவ்யூ பண்ண வேண்டும்.

6

அக்கா செய்வதைச் சொல்கிறேன். தினசரி வேலையெல்லாம் சிலேட்டிலும் சுவரிலும்தான். மாதத்தில் ஒருநாள் மட்டும் ஆளுக்கொரு வெள்ளைத் தாள். அன்று மனதில் இருப்பதை எழுதலாம், வரையலாம். திருத்த மாட்டாள், சிவப்பு மை கிடையாது. பெயரும் தேதியும் போட்டு ஆளுக்கொரு ஃபைலில் போட்டுவைப்பாள். வருடக் கடைசியில் ஒரு பிள்ளைக்குப் பத்துத் தாள். செலவு என்று பார்த்தால் ஒரு டீக்காசு. ஜூன் மாதத்துத் தாளையும் மார்ச் மாதத்துத் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பிள்ளை முதலில் சிரிக்குமாம், அய்யே, நான்தானா இது என்று. சில அம்மாக்கள் அந்த ஃபைலை வீட்டுக்குக் கேட்டு வாங்கிப்போவார்களாம். வீட்டில் அந்தக் குழந்தையின் கையெழுத்து இருக்கும் முதல் தாள் அதுவாக இருக்கும்.

இதைப் புதுமை என்று அவள் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. திண்ணையின் மணலும் ஓலையும் சாதியின் வாசற்படியைத் தாண்டி, பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்து வந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு இது ஒரு சின்ன மாதிரி. வசதியான வீடுகளில் இது கேட்காமலே நடக்கிறது. விஜயதசமி அன்று தட்டில் அரிசி பரப்பி விரல் பிடித்து எழுதவைப்பார்கள், அதை போட்டோ எடுத்து வைப்பார்கள். அப்புறம் கணக்கில்லாமல் தாள், கிரேயான், ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய முதல் ஓவியம். அந்தக் குழந்தைக்கு அழிக்கவும் இடம் இருக்கிறது, மிஞ்சவும் இடம் இருக்கிறது.

வரலாறு எழுத உட்கார்ந்தால் நமக்கு இருப்பது கலெக்டர் எண்ணிய பள்ளிகளின் எண்ணிக்கை, பயணி பார்த்த மணல், பாதிரியார் எழுதிய புத்தகம். எழுதியவர்கள் எல்லோரும் பார்த்தவர்கள். மணலில் எழுதிய விரல்களிலிருந்து நமக்கு வந்துசேர்ந்தவை சில சுவடிக்கட்டுகள், அவையும் ஓலை வரை போக முடிந்தவர்களுடையவை. அதனால் அடுத்த முறை ஒரு பள்ளிக்கு நூறு சிலேட்டு வாங்கித் தரலாம் என்று நண்பர்கள் குழுவில் யாராவது பணம் திரட்டினால் தாராளமாகக் கொடுங்கள். கூடவே ஒரு கட்டுத் தாளும், ஆளுக்கொரு ஃபைலும் சேர்த்து வாங்கச் சொல்லுங்கள். ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் அந்தக் கொம்பு கதையைச் சொல்லுங்கள்.